அண்ணன் மாட்டியது புது ரப்பர்தான்

பாடலாத்ரி நரசிங்கப் பெருமாளை மனதில் நிறுத்தி, இதில் பொய் ஒரு சொல்லும் கலந்துவிடாமல் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

எங்கள் அண்ணன் ஒரகடத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் ஊரில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருத்திதான். அப்பா ஏரிப் பாய்ச்சலில் நெல் வைத்தவர். நிலம் கம்பெனிக்குப் போன பிறகு, அதே நிலத்தில் எழும்பிய கம்பெனியின் கேட்டில் காவலுக்கு நின்றார். அதிக காலம் நிற்கவில்லை. அப்பா போனபோது அண்ணன் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தார். நான் பாவாடை சட்டையில் இருந்தேன். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவால்தான். அரிசி மூட்டை அவர் வீட்டிலிருந்து வரும். அண்ணன் படிப்பை முடித்ததும் அவரால்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு நன்றி கெட்டவள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

படித்து முடித்ததும் அண்ணன் ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தார். லைனில் வரும் வண்டிக்கு அடியில், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கையை மாட்டுவது அவர் வேலை. லோயர் ஆர்ம் என்பார்கள். நிரந்தரம் செய்வார்கள், செய்வார்கள் என்று சொல்லியே வயதை ஏற்றிவிட்டு, ஒருநாள் கேட்டிலேயே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில் தகரக் கூரை போட்டு ஷெட் வைத்தார். என்னை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்ததால் என் வீட்டு வாசலில் நின்றால் ஷெட் தெரியும். டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். அதனால் நான் எழுதுவது யாரோ சொல்லிக் கேட்டதல்ல.

அம்மாவைக் கடைசிவரை தன் கையால் குளிப்பாட்டினார். என் கல்யாணத்துக்குப் பிறகுதான் தன் கல்யாணம் என்று இருந்தார். சனிக்கிழமை ஒரு வேளைதான் சாப்பாடு. நாமம் இட்டுக்கொள்ளாமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். இதெல்லாம் அண்ணன் நினைவாகப் போடும் இந்த மலரில் மற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். நிதானமானவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். அது நிதானம் இல்லை, தாமதம். காலையில் தருகிறேன் என்ற வண்டியைச் சாயந்திரம் தருவார். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் டிரைவர் சேகர் அவருடைய பழைய வாடிக்கை. "அண்ணே, வண்டிய உங்கிட்ட வுட்டுட்டுப் போறேன். நான் செத்தா எம்புள்ள வந்து எடுத்துக்குவான்" என்பார். "அப்ப அவனுக்கு இப்பவே லைசென்ஸ் எடுத்து வையி" என்று வண்டிக்கு அடியிலிருந்து அண்ணன் குரல் வரும். கோபமும் வரும். யாராவது அவசரப்படுத்தினால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். எல்லாரிடமும் அப்படித்தான். மாமாவிடம் மட்டும் இல்லை. மாமா முன்னால் அண்ணன் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை.

மாமாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. இரண்டு கை மாறி வந்தது. அதன் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். மகள் கல்யாணம் கூடிவந்த நேரத்தில் அந்தக் காரின் முன்பக்கத்தில் சத்தம் வர ஆரம்பித்தது. வேகத்தடை ஏறி இறங்கினால் டொக், பிரேக் மிதித்தால் டொக். "யாரோ கீழ உக்காந்து அம்மி கொத்தினுகீற மாதிரி கீது" என்று அத்தை காரில் ஏறவே மறுத்தார். மாமா வெளியே காட்டினார். ஒரு பட்டறையில் ஷாக் அப்சார்பரை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. இன்னொரு பட்டறையில் டயரை மாற்றினார்கள். புது டயரும் உள்பக்கமாக மொட்டையாகத் தேய்ந்தது. கடைசியில்தான் அண்ணனிடம் வந்தார்.

அண்ணன் வண்டியைத் தூக்கவில்லை. சேகரை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வண்டியைக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று அசைக்கச் சொன்னார். தான் தரையில் ஒருக்களித்துப் படுத்துச் சக்கரத்தையே பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உருளாமல் நிற்க வேண்டிய சக்கரம் முன்னும் பின்னுமாக நழுவியது, ஆடும் பல் மாதிரி. பிறகு ஜாக்கி வைத்து, நீளக் கம்பியை ஆர்மின் ஓரத்தில் கொடுத்து நெம்பினார். ரப்பர் வாயைப் பிளந்தது. புஷ் என்பது அதுதான். இரும்புக் குழாய்க்குள் ஒட்டிய ரப்பர். வண்டியின் ஆட்டத்தையெல்லாம் வாங்கிக்கொள்வது. அது கிழிந்துபோனால் இரும்போடு இரும்பு மோதும். எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரி ஓடி ஓடிப் பள்ளமான ரோட்டில் அது கிழியாமல் இருந்தால்தான் அதிசயம்.

மாமா பார்த்துவிட்டு, "இத்துணூண்டு ரப்பருக்கா நான் இம்மாம் அலைஞ்சேன்" என்றார். அன்றைக்கு அவருக்குச் சந்தோஷம். அண்ணனை முதுகில் தட்டிக்கொடுத்தார். குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்க வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும், அதற்குள் முடித்துக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அண்ணன் இரண்டு ஆர்மையும் கழற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் லேத்துப் பட்டறைக்குப் போனார். பழைய புஷ்ஷைத் தள்ளிவிட்டுப் புதியதை ஏற்ற அங்கேதான் பிரஸ் இருக்கிறது. புது புஷ் டப்பாவோடு இருந்ததை நான் பார்த்தேன். என் மகள் அந்தக் காலி டப்பாவைப் பொட்டு வைக்க எடுத்துக்கொண்டாள். பட்டறையில் கரன்ட் இல்லை. காத்திருந்து, கரன்ட் வந்து, வேலை முடித்துக்கொண்டு அண்ணன் திரும்பும்போது மாமா ஷெட்டில் வேட்டி சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். பத்தரைக்கு ராகுகாலம். அண்ணன் ஆர்மை ஏற்றி போல்ட்டைக் கையால் முடுக்கும்போதே பத்தைத் தாண்டிவிட்டது.

"டேய், ராகுகாலத்துக்கு முன்னாடி வண்டி நகரணும்டா" என்றார் மாமா.

"சக்கரம் தொங்கினுகீது மாமா. இப்ப டைட் வெச்சா ரப்பர் முறுக்கிக்கும். கீழ எறக்கி நிக்க வெச்சுதான் டைட் வெக்கணும். ஒரு அரை மணி நேரம் குடுங்க."

இதை எனக்கு அண்ணன் வேறொரு நாள் விளக்கியிருக்கிறார். ஒருத்தன் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டிப்போட்டுவிட்டு, நேராகப் பார்த்து நட என்றால் எப்படியிருக்கும், அப்படித்தான் என்றார். வண்டி தன் எடையில் நிற்கும்போது ரப்பர் எந்த நிலையில் இருக்குமோ, அந்த நிலையில் போல்ட்டை இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால், கீழே இறங்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிக்கொண்டேதான் இருக்கும். புது ரப்பர் ஆனாலும் கொஞ்ச நாளில் கிழிந்துவிடும்.

மாமா அதைக் கேட்கும் நிலையில் இல்லை. ஆனால் அவர் ஒரு வழி சொன்னார். பரஸ்தானம் என்று நம் பெரியவர்கள் செய்வது உண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கிளம்பும் நேரம் சரியில்லை என்றால் நல்ல நேரத்திலேயே பையையோ மூட்டையையோ வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அப்போதே பயணம் கிளம்பியதாகக் கணக்கு. மாமா மூட்டைக்குப் பதிலாகக் காரையே வைக்கலாம் என்றார்.

"புள்ளையார் கோயிலாண்ட நிறுத்திடறேன். ராகுகாலம் முடிஞ்சதும் இங்கியே கொண்டாந்து வுடறேன். அப்பறம் நீ எறக்கி வெச்சி இன்னா வேணா பண்ணிக்கோ. இப்ப வண்டி நகந்தா போதும்."

பிள்ளையார் கோயில் எங்கள் தெருக் கோடியில் இருக்கிறது. அதுவரை ஊர்ந்து போக ஒன்றும் ஆகாது என்று அண்ணனும் நினைத்தார். வேறு யாராக இருந்தாலும் ஸ்பேனரைக் கீழே போட்டிருப்பார். நின்றது மாமா. தொங்கும் சக்கரத்திலேயே போல்ட்டை இறுக்கினார். அத்தை எலுமிச்சம்பழம் வைத்தார், நான்தான் கற்பூரம் ஏற்றினேன். ராகுகாலம் பிறப்பதற்குள் வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு போனது. எல்லாரும் கைதட்டாத குறை.

நானும் ராகுகாலம் பார்க்கிறவள்தான். இன்றைக்கும் பார்க்கிறேன். நேரத்தின் மேலோ சாமியின் மேலோ எனக்கு வருத்தம் இல்லை. மேலே படியுங்கள்.

பன்னிரண்டு அடித்தும் வண்டி வரவில்லை. அண்ணன் ஸ்பேனரையும் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் மரக்கட்டைகளையும் சேகரின் வேனில் வைத்துக்கொண்டு அவரே கோயிலுக்குப் போனார். சேகரும் கூடப் போனார். நான் பின்னாலேயே தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் போனேன். காரின் டிக்கியில் பழத்தட்டு, புளியோதரைத் தூக்கு எல்லாம் ஏறியிருந்தது. அத்தையும் பெண்ணும் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமா சொன்னார்: "கெளம்பின வண்டி திரும்பி அங்க வரக்கூடாதுடா. பரஸ்தானம் வெச்சாச்சே."

"வர வேணாம் மாமா. இங்கியே வெச்சிப் பண்ணிடறேன். கட்டை கொண்டாந்துகீறேன்."

"சாமி எதிர்ல கால நீட்டினு வண்டிக்கு அடியில படுப்பியா நீ? நல்ல காரியத்துக்குப் போறோம். போயிட்டு வந்து பாத்துக்கலாம், தள்ளு."

அண்ணன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, வந்ததும் முதல் வேலையாகக் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். மாமா தலையாட்டினார். கார் போய்விட்டது. அண்ணன் மரக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மாமா வண்டியைக் கொண்டுவரவே இல்லை. சத்தம் நின்றுவிட்டதே, எதற்கு என்று விட்டுவிட்டார். பத்திரிகை வைக்க காஞ்சிபுரம், செம்பரம்பாக்கம் பக்கம், மெட்ராஸ் என்று அந்தக் கார் ஓயாமல் ஓடியது. அண்ணன் போன் செய்வார். அத்தை எடுத்து, மாமா பந்தல்காரரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்பார், சமையல்காரரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்பார். கல்யாணம் நெருங்கும்போது சத்தம் திரும்ப வந்துவிட்டது. முன்னைவிட மோசமாக.

கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் போய்வந்தது அந்தக் காரில்தான். மண்டப வாசலில் இறங்கியதும் சம்பந்தி மாமாவைப் பார்த்து, என்ன வண்டி இது, வழியெல்லாம் இடித்துக்கொண்டே வந்தது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பந்தி நடந்துகொண்டிருந்தது. அண்ணன் சாம்பார் வாளியோடு வரிசையில் இருந்தார். நான் இலைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். மாமா, பந்தி முழுக்கக் கேட்கிறாற்போல, இப்படிச் சொன்னார்:

"எங்கக்கா புள்ளைதான் பாத்தான் சம்பந்தி. புதுசு போட்டேன்னு சொல்லிட்டுப் பழைய ரப்பர மாட்டி அனுப்பிட்டான். சொந்தம்னு நம்பனேன். என் சோத்துல வளந்தவன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பி அண்ணனைப் பார்த்தார்கள். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பலர் அன்றைக்கு அந்தப் பந்தியில் இருந்தீர்கள். அண்ணன் அந்த வரிசை முடியும்வரை சாம்பார் ஊற்றினார். வாளியை உள்ளே வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மாமா வீட்டு வாசலில் போய் நின்று, அரை மணி நேரம் வண்டியைக் கொடுங்கள், கழற்றிக் காட்டுகிறேன், ரப்பர் முறுக்கிக் கிழிந்திருக்கும், நீங்களே பாருங்கள் என்று கேட்டார். "உங்கிட்ட வண்டி காட்டனதுக்குத்தான் சபையில தல குனிஞ்சேன், போதும்பா" என்று மாமா உள்ளே போய்விட்டார். பிறகு ஒரு பெரிய பட்டறையில் கொடுத்து ஆர்மையே மாற்றிக்கொண்டார். அது தெரிந்ததும் அண்ணன் அங்கே ஓடினார். கழற்றிய பழைய ஆர்ம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்றார்கள். கடையில் போய்க் கேட்டால், அது எந்த லாரியில் ஏறியதோ, யாருக்குத் தெரியும் என்றார்கள். வெறும் கையோடு வந்தார்.

நான் அண்ணனிடம் சண்டை போட்டேன். நான்தான் பக்கத்தில் இருந்தேனே, சேகர் இருந்தாரே, நாலு பேரைக் கூட்டி உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். அண்ணன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"டைட் வெச்ச கை என்னுதும்மா. அவுரு அவசரப்பட்டாரு, சரி. நான் வுட்டிருக்கக் கூடாது இல்ல? அத்தச் சொன்னா, பழைய ரப்பர் போடல, புது ரப்பரத் தப்பா போட்டேன்னு ஆவும். மாமாவே ஒரு நாளைக்கு நெனச்சிப் பாத்து சொல்லுவாரு."

மாமா சொல்லவில்லை. எங்கள் பக்கம் வேன் ஓட்டுகிறவர்கள், கார் வைத்திருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர்கள்தான். சொந்த மாமனுக்கே பழசைப் போட்டவன் என்ற பேச்சு ஊர் ஊராகப் போய்விட்டது. ஒவ்வொரு வண்டியாக நின்றது. வந்த ஒன்றிரண்டு பேரும் பக்கத்திலேயே நின்றுகொண்டு, டப்பாவை எங்கள் எதிரில் பிரியுங்கள் என்றார்கள். அது அண்ணனுக்கு வண்டி வராததைவிடக் கொடுமை. ஷெட்டை மூடிவிட்டு ஒரு குடோனில் கான்ட்ராக்டில் பெட்டி ஏற்ற இறக்கப் போனார். நாற்பதைத் தாண்டிய மனிதரை மகன் வயதுப் பையன்கள் அங்கிள் என்று கூப்பிட்டு வேலை வாங்கினார்கள். சூப்பர்வைசர் நாமத்தை அழித்துவிட்டு வா என்று ஒருநாள் சொல்லியிருக்கிறான். அதை அண்ணியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

போன கார்த்திகையில் வேலையில் இருக்கும்போதே நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் பெருமாள் திருவடி சேர்ந்தார். நினைவு இருந்தவரை அண்ணியிடம் மகளின் பரீட்சையைப் பற்றித்தான் பேசினார். மாமாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மாமா வந்தார். பெரிய மாலை போட்டார். அழுதார், பொய்யாக அழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காரியம் எல்லாவற்றிலும் முன்னால் நின்றார். அப்போதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்த மலர் அச்சாகும்போது பிழை பார்க்க ஸ்ரீபெரும்புதூர் அச்சகத்துக்கு நான்தான் போனேன். முதல் பக்கத்தில் மாமாவின் இரங்கல் இருந்தது. கைராசிக்காரர், அவர் கை பட்ட வண்டி நின்றதே இல்லை, நேர்மையின் வடிவம் என்று இருந்தது. அச்சகத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு இருந்தபோது பந்தியில் திருடன், செத்த பிறகு புத்தகத்தில் நேர்மையின் வடிவம். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம், நானும் ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்றேன். "இதெல்லாம் மலர்ல எழுதுவாங்களாடி?" என்றார். மாமாவின் பேச்சு எல்லார் காதிலும் விழுந்தது, இந்த மலர் எல்லார் கைக்கும் போகும், வேறு எதில் எழுதுவது என்றேன். அண்ணியிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, போடு என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊரே விட்ட பிறகும் ஷெட்டை மூடும் நாள்வரை தன் வேனை அண்ணனிடமே விட்ட சேகருக்கு. அந்தப் புஷ்ஷைத் தன் கையால் பிரஸ்ஸில் ஏற்றியதாகவும் அது புதுசுதான் என்றும் கேட்டவர்களிடமெல்லாம் சொன்ன லேத்துப் பட்டறைக்காரருக்கு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஷேர் ஆட்டோவில் மடியில் படுக்கவைத்துக் கொண்டுபோன குடோன் பிள்ளைகளுக்கு. அண்ணன் மகளின் படிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீச்சருக்கு. காரியத்துக்கு வந்த, வர முடியாமல் போன் செய்த எல்லாருக்கும்.

மாமா, நீங்கள் எங்களுக்குப் போட்ட சோற்றுக்கும் நன்றி. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வருஷத் திதியன்று சொந்தம் எல்லாம் கூடும். அன்றைக்குப் பந்தி உட்காரும்போது, நீங்கள் எழுந்து, அவன் மாட்டியது புது ரப்பர்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவசரம் என்னுடையது என்றுகூடச் சொல்ல வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும். அண்ணன் மகள் அங்கே இருப்பாள், அவள் காதில் விழ வேண்டும்.

சொல்ல மனம் வராவிட்டால், உங்களுக்கும் இலை போட்டிருப்போம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
அவருடைய ஒரே தங்கை